யாருக்காக அழுதார் ஜெயகாந்தன்?

என் அண்ணன் ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. முதல் ஷிப்டு என்றால் விடிவதற்கு முன்பே செம்பரம்பாக்கத்தில் எங்கள் காலனி முனைக்குப் போய் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பான். பஸ்ஸில் மற்றவர்கள் தூங்குவார்கள், இவன் படிப்பான். பத்தாவதோடு பள்ளியை விட்டு ஐ.டி.ஐ. படித்தவன். நான் இன்று தமிழ் நாவல்கள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்றால், அவனுடைய டிபன் பையில் சாப்பாட்டு டப்பாவோடு கிடந்த ஜெயகாந்தன் புத்தகங்கள்தான் அதற்குத் தொடக்கம். அந்த ஜெயகாந்தன் எங்கள் இருவரையும் ஏமாற்றிய கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அண்ணனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஒரு கம்பெனி வாசலில் அவனுடைய பையைத் தரையில் கொட்டிச் சோதித்தார்கள். ஸ்டோரில் செம்பு ஒயர் குறைகிறதாம். ஷிப்டு முடிந்து வெளியே வந்த அத்தனை பேரில் மூன்று பேரை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தினார்கள். மூன்று பேருமே காலனிப் பையன்கள். பைகளில் ஒன்றும் இல்லை. ஆனாலும் மறுநாள் காண்ட்ராக்டர் போன் செய்து ‘இனிமே வராதே’ என்றார். ஒயர் குறையவில்லை, கணக்கு எழுதியதில்தான் தப்பு என்று பத்து நாள் கழித்துத் தெரிய வந்தது. யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பத்து நாளும் அவன் வீட்டில் யாரோடும் பேசவில்லை. அப்போதுதான் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ‘யாருக்காக அழுதான்?’ குறுநாவலைப் படித்தான். லாட்ஜில் எடுபிடி வேலை செய்யும் ஜோசப்பின் கதை. திருட்டுமுழி என்று பட்டப்பெயர் வைத்து ஊரே கூப்பிடும் அவன்மேல் திருட்டுப் பழி விழுகிறது. அடிக்கிறார்கள். அவன் வாய் திறப்பதில்லை. பழி பொய் என்று தெரிந்த பிறகுதான் அழுகிறான். படித்து முடித்ததும் அண்ணன் என்னிடம் புத்தகத்தைக் கொடுத்து, ‘இத எழுதுனவருக்கு எப்பிடிடி தெரிஞ்சுது?’ என்றான். எங்கள் வீட்டுக்குள் இலக்கியம் நுழைந்த நாள் அது.

அவர் கொடுத்தது

ஜெயகாந்தன் நமக்கு என்ன கொடுத்தார் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஏமாற்றத்தின் அளவு புரியாது. 1934இல் கடலூரில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். சென்னையில் கம்யூனிஸ்ட் கட்சிக் கம்யூனில் வளர்ந்தவர், அச்சகத்தில் வேலை பார்த்தவர். அவருடைய ஆசிரியர்கள் கட்சித் தோழர்களும் பாரதியின் கவிதைகளும்தான். தமிழ் வார இதழ்களின் கதைகள் பெரும்பாலும் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளின் கூடத்தைத் தாண்டாத காலத்தில், அவர் சேரிக்குள் நுழைந்து அங்கிருப்பவர்களின் பேச்சிலேயே எழுதினார். குடிசையில் வாழும் தங்கத்தையும் அவள் மகன் சிட்டியையும் வைத்து எழுதிய ‘உன்னைப் போல் ஒருவன்’ நாவலை 1965இல் தானே படமாக எடுத்தார். ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், வன்முறைக்கு ஆளாகி வந்த மகளின் தலையில் ஒரு தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்றதற்குத் தமிழ்நாடே சண்டை போட்டது.

தலித் இலக்கியம் என்ற பெயரோடு தமிழில் ஓர் அலை எழுந்தது 1990களில்தான். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எங்களைப் போன்றவர்களின் முகம் லட்சக்கணக்கான பிரதிகள் விற்ற இதழ்களில் தெரிந்தது என்றால் அதில் பெரும் பங்கு ஜெயகாந்தனுடையது.

ஆற்றில் ஒரு கை

‘ஜய ஜய சங்கர’ 1977இல் வந்தது. அண்ணனுக்கு மிகவும் பிடித்த நாவல். சங்கரன் என்ற பார்ப்பனச் சிறுவன், ஆதி என்ற சேரிச் சிறுவன். ஆற்றில் மூழ்கப்போன சங்கரனை ஆதி கை கொடுத்துக் கரை சேர்க்கிறான். காலம் போகிறது. தீண்டத்தகாதவன் தொட்டுக் காப்பாற்றிய அந்த உயிர் மடத்தின் பீடத்தில் ஏறுகிறது. காஞ்சி மடத்தின் மூத்த சங்கராச்சாரியாரின் சாயலை அந்த ஆச்சாரியாரிடம் கண்டு நெகிழ்ந்த வாசகர்கள் ஏராளம். நாங்களோ ஆதியைக் கண்டு நெகிழ்ந்தோம். ‘பாத்தியா, நம்ம ஆளு தொட்டதாலதான் அந்தச் சாமியே உசுரோட இருக்குது’ என்று அண்ணன் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

2015 ஏப்ரல் 8 அன்று ஜெயகாந்தன் இறந்தார். அன்று இரவு ஷிப்டு முடிந்து வந்த அண்ணன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

அதே ஆண்டு டிசம்பரில் எங்கள் ஏரியின் பெயர் உலகத்துக்கே தெரிந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் அடையாற்றில் பாய்ந்து சென்னையை மூழ்கடித்தது. ஏரிக்குக் கீழே ஆற்றோரம் இருந்த ஓர் ஊரில் கழுத்தளவு தண்ணீர். அண்ணனும் காலனிப் பையன்கள் ஏழெட்டு பேரும் லாரி டியூபையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஊர்த்தெருவில் மாடியில் தவித்த பெரியவர்களை முதுகில் சுமந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஒரு பாட்டி அண்ணனின் கன்னத்தைத் தடவி, ‘நீ நல்லா இருக்கணும் ராசா’ என்றாராம். அடுத்த ஆடி மாதம் அதே ஊரில் அம்மன் ஊர்வலம் புறப்பட்டது. எல்லாத் தெருவுக்கும் போன சாமி, வழக்கம்போல அந்த ஊர்க் காலனி முனையில் திரும்பிக்கொண்டது. தண்ணீரில் யாரும் சாதி பார்க்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

‘ஜய ஜய சங்கர’ நாவலில் ஏதோ ஒன்று சொல்லப்படாமல் விடுபட்டிருக்கிறதோ என்று எனக்கு முதலில் தோன்றியது அந்த ஆடியில்தான்.

2005இல் வந்த புத்தகம்

‘ஹர ஹர சங்கர’ 2005இல் வெளியானபோது நான் சிறுமி. ஆய்வுக்காகத்தான் அதைத் தேடி எடுத்தேன். படிப்பதற்கு முன் அந்தக் காலத்துச் செய்திகளை ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டேன். எங்கள் ஊரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சுமார் ஒரு மணி நேரம் போனால் காஞ்சிபுரம். அங்கே வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் 2004 செப்டம்பர் 3 அன்று கோயில் வளாகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மடத்தின் நடவடிக்கைகள் குறித்துத் தொடர்ந்து புகார்க் கடிதங்கள் எழுதியவர் அவர். அந்த ஆண்டு நவம்பர் 11, தீபாவளி இரவில், ஜெயேந்திர சரஸ்வதி கைது செய்யப்பட்டார். அந்தக் கைதை ஒட்டி, மடத்தின் பக்கம் நின்று ஜெயகாந்தன் எழுதிய சிறு நாவல்தான் ‘ஹர ஹர சங்கர’.

ஒரே மூச்சில் படித்துவிடலாம், அவ்வளவு சிறியது. நான் தேடியது பழைய ஜெயகாந்தனை. வேண்டாதவர்களுக்கும் ஒரு நியாயத்தைக் கொடுத்து, அவர்களைப் பேசவிட்டு, வாசகர் எந்தப் பக்கம் சாய்வது என்று திணறும்படி செய்கிறவர் அவர். இங்கே எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று முன்னாலேயே முடிவாகிவிட்டது போல இருந்தது. சேரியின் பேச்சை அப்படியே பிடித்த காதுக்கு இந்தப் புத்தகத்தில் வேலையே இல்லை என்று தோன்றியது.

அண்ணனிடம் கொடுத்தேன். இரண்டு நாள் பஸ் பயணத்தில் முடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது புத்தகத்தை என் பக்கம் தள்ளி, ‘பாப்பா, இவுரு இப்ப யாருக்காக அழுவுறாரு?’ என்றான்.

இந்த ஒரு கேள்விக்கு ஆய்வு மொழியில் பத்துப் பக்கம் எழுதிப் பார்த்தேன். அண்ணன் கேட்டதைத் தாண்டி எதுவும் வரவில்லை.

இரண்டு குற்றவாளிக் கூண்டுகள்

இந்த வழக்கின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 2013 நவம்பர் 27 அன்று புதுச்சேரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. விசாரணையில் 80க்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ் சாட்சிகளானார்கள். சங்கரராமனைக் கொன்றது யார் என்பது இன்றுவரை நீதிமன்றத்தில் நிறுவப்படவில்லை. தீர்ப்பை இங்கே நான் விவாதிக்கவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் பலர் அந்தக் கைதையே தண்டனை போலக் கொண்டாடினார்கள். அது தவறு. ஜோசப்பின் கதையைப் படித்த எவரும் ‘பழி விழுந்துவிட்டது, ஆகவே திருடன்தான்’ என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்ன வாசலில்தான் என் அண்ணன் நின்றான்.

ஜெயகாந்தன் அபிமானிகள் சொல்லும் வலுவான வாதமும் இதுதான். ஊரே கல்லெறியும்போது அடிபடுகிறவன் பக்கம் நிற்பவனே எழுத்தாளன், ஜோசப்புக்குச் செய்ததைத்தான் சங்கராச்சாரியாருக்கும் செய்தார் என்கிறார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் 2004 நவம்பரில் அந்த மனிதர் தனியாகவா நின்றார்? டெல்லியில் பா.ஜ.க.வின் மூத்த தலைவர்கள் அவருக்காகப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நாட்டின் பெயர்பெற்ற வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். இரண்டே மாதத்தில், 2005 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அதே ஆண்டில் வழக்கையே தமிழ்நாட்டுக்கு வெளியே மாற்றியது. இவை அவருடைய சட்ட உரிமைகள்தான், மறுக்கவில்லை. ஜாமீன் கிடைத்தும் பிணை நிற்க ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் விசாரணைக் கைதிகளாகக் கிடப்பவர்களில் தலித்துகளும் பழங்குடிகளும் இஸ்லாமியர்களும் தங்கள் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாக இருக்கிறார்கள் என்பதை அரசின் சிறைப் புள்ளிவிவரங்களே ஆண்டுதோறும் காட்டுகின்றன. அவர்களில் ஒருவரின் கதையாக அந்தப் புத்தகம் வந்திருந்தால் அண்ணன் அதைத் தலைமேல் வைத்துக்கொண்டிருப்பான்.

ஜோசப் பேசாமல் இருந்தான், ஏனென்றால் அவன் பேச்சை யாரும் கேட்கப்போவதில்லை. அவனுக்காகப் பேச ஓர் எழுத்தாளர் தேவைப்பட்டார். ஒரு பீடாதிபதிக்கு அந்தத் தேவை இல்லை. கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு இருந்தது. பேச வழியில்லாதவரின் பக்கம் நிற்பதுதான் ஜெயகாந்தனின் பழைய அறம். கூண்டில் யார் நிற்கிறார் என்பதை மட்டும் பார்த்து, அவருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் விட்டபோது அந்த அறம் தலைகீழானது.

விதை எங்கே இருந்தது?

இந்த இடத்தில், ‘அவர் மாறிவிட்டார், விலைபோய்விட்டார்’ என்று முடித்துவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘ஜய ஜய சங்கர’வை மறுபடி எடுத்துப் படித்தேன். 2005இல் முளைத்தது 1977லேயே விதையாக இருந்தது.

ஆதி நல்லவன். சங்கரனும் நல்லவன். ஒருவன் உயிரைக் கொடுக்கிறான், ஒருவன் மனதார மதிக்கிறான். ஆனால் இந்த நல்லதுகளால் பீடத்துக்கு என்ன ஆனது? ஆதியின் பேரன் அதில் உட்கார முடியுமா? நாவல் நம்மை இந்தக் கேள்விக்கு அழைத்துப் போவதற்குப் பதில் கண்ணீருக்கு அழைத்துப் போகிறது. நாவலுக்கு வெளியே நடந்ததையும் பாருங்கள். அந்த ஆச்சாரியாரிடம் வாசகர்கள் யாருடைய சாயலைக் கண்டார்களோ, அவருடைய உரைகள் ‘தெய்வத்தின் குரல்’ என்ற பெயரில் 1976இல் நூலாக வரத் தொடங்கின. வர்ண தர்மம் ஏன் வேண்டும் என்று அதில் அவரே விரிவாகப் பேசுகிறார். ஜெயகாந்தன் தன் ஆச்சாரியாரைத் தான் விரும்பிய உயரத்தில் படைத்தார். உண்மையான மடம் தான் நம்பியதை நம்பிக்கொண்டே இருந்தது.

இது பழைய கதை. காசியில் ஆதிசங்கரரின் வழியில் ஒரு சண்டாளன் வருகிறான். விலகு என்றதற்கு, எது விலக வேண்டும், உடலா ஆன்மாவா என்று கேட்கிறான். சங்கரர் வணங்குகிறார். ஆனால் வந்தவன் சிவன் என்று கதை முடிகிறது. சிவனாக இல்லாத சண்டாளனை யார் வணங்குவது? நந்தனும் அப்படித்தான். தில்லைக்குள் போக அவன் முதலில் நெருப்புக்குள் போக வேண்டியிருந்தது. சேரிக்காரன் தெய்வமாகலாம், சாம்பலாகலாம், உயிர் காக்கும் கையாகலாம். பக்கத்து வீட்டுக்காரனாக மட்டும் ஆக முடியாது. ஆதியும் அந்த வரிசையில் வந்தவன்தான். அண்ணனும் நானும் அவன் கையைப் பார்த்துப் பூரித்ததில், கரையேறியவன் எங்கே போனான், ஆதி எங்கே நின்றுவிட்டான் என்று கேட்க மறந்துவிட்டோம்.

அம்பேத்கர் இதைக் கேட்டிருக்கிறார். 1936இல் ‘சாதி ஒழிப்பு’ வெளியான பின் காந்தி எழுதிய விமர்சனத்துக்கு அளித்த மறுமொழியில், மகான்களை முன்னிறுத்தும் வாதத்தை எடுத்து உடைக்கிறார். கடவுளின் முன்னால் எல்லோரும் சமம் என்று மகான்கள் சொன்னார்கள். மனிதருக்கு மனிதர் சமம் என்று சாதியை எதிர்த்து அவர்கள் போராடவில்லை என்பது அவருடைய வாதம். ஒருவரின் நல்ல மனதால் ஓர் அமைப்பின் அநீதி குறைவதில்லை. ஜெயகாந்தன் கடைசிவரை நல்ல மனிதர்களை நம்பினார். அதுவே அவருடைய பலம், ஜோசப்பும் சிட்டியும் வந்தது அங்கிருந்துதான். அமைப்பைப் பார்க்க வேண்டிய இடத்திலும் அவர் மனிதர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலபாமாவிலிருந்து ஒரு பாடம்

ஜெயகாந்தன் மறைந்த 2015லேயே அமெரிக்க வாசகர்களுக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. ஹார்ப்பர் லீ 1960இல் எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில், பொய்ப் பழியில் சிக்கிய கறுப்பரான டாம் ராபின்சனுக்காக வாதாடும் வெள்ளை வழக்கறிஞர் ஆட்டிகஸ் ஃபின்ச்சை உலகமே கொண்டாடியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, முதல் நாவலுக்கும் முன்பே எழுதி வைத்திருந்த ‘கோ செட் எ வாட்ச்மேன்’ வெளியானது. அதில் அதே ஆட்டிகஸ், கறுப்பர்களுக்குச் சம உரிமை கூடாது என்று கூடும் வெள்ளையர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். ஆனால் மன்றோ ஃப்ரீட்மேன் என்ற சட்டப் பேராசிரியர் 1992லேயே கேட்டிருந்தார்: நீதிமன்றம் நியமித்ததால் வாதாடினார், சரி. அந்த ஊரின் இனப்பாகுபாட்டை எதிர்த்து அவர் தானாக என்ன செய்தார்? அன்று அவரைத் திட்டியவர்கள் ஏராளம். இரண்டாவது நாவல் வந்தபின் முதல் நாவலைத் திரும்பப் படித்தவர்களுக்கு அந்தக் கேள்வி முன்னைவிடத் தெளிவாகப் புரிந்தது.

பிடித்த எழுத்தாளரின் மோசமான புத்தகத்தால் வாசகருக்கு ஒரு பயனாவது உண்டு. பழைய புத்தகத்தை முதல்முறையாக நிதானத்தோடு படிக்க அது கற்றுக்கொடுக்கிறது.

என்ன செய்வது?

இளம் தோழர்கள் இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். படைப்பை மட்டும் பார், எழுத்தாளரை விடு என்பது ஒன்று. இங்கே அது உதவாது, ஏனென்றால் நமக்குப் பிரச்சினை படைப்பில்தான். இன்னொன்று, ஜெயகாந்தனைத் தூக்கிப் போடு என்பது. அதையும் நான் ஏற்கவில்லை. ஜோசப்பை எழுதியது மடத்துக்காரர் அல்ல. அந்தக் கதை இன்று நம்முடைய சொத்து. எழுதியவரையே கேள்வி கேட்க அதை வைத்தே நமக்கு முடிகிறது.

நம் ஏமாற்றம் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். நமக்குக் கண்ணாடிகள் குறைவாக இருந்தன. இருந்த ஒன்றிரண்டும் பிறர் கையில் இருந்தன. பிடித்திருந்த கை திரும்பியதும் நம் முகம் மறைந்துவிட்டது. இன்று நிலைமை வேறு. ஈழத்தில் கே. டானியல் ‘பஞ்சமர்’ எழுதி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. பாமா, சிவகாமி, இமையம் என்று நம் அலமாரி நிறைந்திருக்கிறது. இவர்களும் ஏமாற்றுவார்கள். 1994இல் வந்த ‘கோவேறு கழுதைகள்’ நாவலை ராஜ் கௌதமன் எவ்வளவு கடுமையாக விமர்சித்தார் என்று தேடிப் படியுங்கள். அந்தச் சண்டையால் யாருடைய முகமும் மறைந்துபோகவில்லை. எழுதுகிறவர்கள் பலராக இருக்கும்போது ஒருவர் தரும் ஏமாற்றம் விவாதமாகிறது. ஒருவரே இருக்கும்போது அது இழவு வீடாகிறது.

போன மாதம் அண்ணன் வேலை செய்யும் இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒடிசாப் பையன் ஒருவனைக் கேட்டில் நிறுத்திப் பையைக் கொட்டச் சொன்னார்களாம். அண்ணன் வரிசையை விட்டு நகரவில்லை. ‘அவனது மட்டும் ஏன், எல்லார் பையையும் கொட்டுங்க, எங்கிட்ட இருந்து ஆரம்பிங்க’ என்று தன் பையைத் தரையில் கவிழ்த்தான். பின்னால் நின்ற நாலைந்து பேரும் கவிழ்த்தார்கள். செக்யூரிட்டி எல்லோரையும் போகச் சொல்லிவிட்டார்.

டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், துண்டு, அட்டை கிழிந்த ‘யாருக்காக அழுதான்?’ எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினானாம். ‘ஹர ஹர சங்கர’ என் மேசையில் ஆய்வுப் புத்தகங்களோடு கிடக்கிறது. அதை அவன் திருப்பிக் கேட்கவில்லை.